யூரின் கல்ச்சரில் கிருமி இருந்தாலே நோய்த்தொற்றா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். வழக்கமான செக்கப்பில் எடுத்த யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ‘ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல்’ என்று வந்தது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் அடுத்த மாதம் அதே ரிசல்ட். மருந்தை மாற்ற வேண்டுமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லாத நிலையில் முதல் மருந்துக்கே அவசியம் இருந்திருக்காது.

ஈ.கோலை நம் குடலில் குடியிருக்கும் கிருமி. பெண்களின் சிறுநீர்த் தாரை சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆசனவாயும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவது அதற்குச் சுலபம். ஏறிய கிருமி அங்கே சும்மா கிடக்கலாம். பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு புண்ணாக்கவும் செய்யலாம். சிகிச்சை கேட்பது இரண்டாவதுதான். கல்ச்சருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை கிருமி என்று எண்ணிச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. சிறுநீரில் ‘பஸ் செல்ஸ்’ (சீழ் செல்கள்) கூடுதலாக இருப்பதை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. சர்க்கரை உள்ள வயதான பெண்களிடம் அது சகஜம்.

மருந்து கொடுத்தால் கிருமி கொஞ்ச நாள் மறையும், பிறகு குடலிலிருந்து மறுபடி ஏறும். இதற்கிடையே மருந்துக்கு மசிகிற கிருமிகள் செத்து, மசியாதவை பெருகிவிடும். பின்னால் நிஜமான தொற்று வரும்போது மாத்திரை கேட்காமல் ஊசிக்குப் போக வேண்டியிருக்கும்.

அறிகுறி இல்லாவிட்டாலும் கர்ப்பிணிகளுக்கு மருந்து கட்டாயம். விட்டால் சிறுநீரகம் வரை ஏறிவிடும் ஆபத்து உண்டு. சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் அப்படியே.

அம்மாவுக்கு எரிச்சல், அடிக்கடி போகும் அவசரம், சிறுநீரில் ரத்தம் வந்தால் டாக்டரைப் பாருங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி என்றால் அன்றைக்கே. முதல் மாத்திரைக்கு முன் சாம்பிள் கொடுத்துவிட வேண்டும். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் தரும் டப்பாவில் பிடியுங்கள். 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்த டப்பாவில் சில நூறு கிருமிகள் மதியத்துக்குள் லட்சமாகிவிடும். பல ‘பாசிட்டிவ்’ ரிப்போர்ட்டுகள் இப்படிப் பிறந்தவைதான்.

அப்படி அறிகுறி எதுவும் வராதவரை, மாதாமாதம் கல்ச்சர் எடுப்பதை நிறுத்திவிடுங்கள்.