தொண்டு நிறுவனத்துக்கு வெப்சைட் செஞ்சா வயித்துக்குக் காணுமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிற உங்கள் மகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பேர் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஆற்றைக் காக்கிற சங்கம், மாற்றுத்திறனாளிகள் இல்லம் என்று வெப்சைட் செய்துகொடுப்பதையே தொழிலாக்கப் போகிறாளாம். "வயித்துக்குக் காணுமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் நம்பினால் ஆரம்பத்தில் காணாது. ஒரு சம்பள வேலையில் இருந்துகொண்டு, இந்தத் துறையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் சில வருஷத்தில் காணும். ஆகவே கேம்பஸ் இன்டர்வியூவில் அவள் உட்காரத்தான் வேண்டும். இதில் நான் உங்கள் கட்சி. ஆனால் "தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஜோஹோ மென்பொருள் கம்பெனி இருக்கும்போது இது எதுக்கு வேண்டாத வேலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் நான் அவள் கட்சி.

நாலு போட்டோ, ஒரு 'எங்களைப் பற்றி', ஒரு போன் நம்பர் என்ற அளவிலான வெப்சைட்டை இன்றைக்கு ஏஐ-யிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் போட்டுக் கொடுத்துவிடும். அந்த வேலைக்கு இனி கூலி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க, நம் பக்கத்துச் சின்ன அமைப்பு ஒன்றின் வெப்சைட்டை உங்கள் போனில் திறந்து பாருங்கள். மேலே குத்துவிளக்கு ஏற்றுகிற படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கடைசிச் செய்தி, கொரோனா காலத்தில் அரிசி கொடுத்தது. பழைய தமிழ்ப் பக்கங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டியவை. போனில் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகத் தெரியும், கூகுளில் தேடினாலும் வராது. 'நன்கொடை' என்பதை அமுக்கினால் பேங்க் பாஸ்புக்கின் ஸ்கேன். சரி, திருத்தலாம் என்றால் பாஸ்வேர்டு யாரிடம்? செய்துகொடுத்த பையனிடம். அவன் துபாயில். டொமைனும், அதாவது தளத்தின் முகவரியும், அவன் பேரில்தான் இருக்கும்.

இதைத் திருத்த உட்காருகிறவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே யார் எதற்காக வருகிறார்கள் என்பது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அக்கா பி.எஃப். பணம் வரவில்லை என்று விலை குறைந்த போனில் வருவார். அவருக்குத் தமிழில் ஒரே ஒரு பக்கமும், தொட்டதும் போன் போகிற நம்பரும் போதும். சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்பு நிதி கொடுக்கிற கம்பெனி அதிகாரி, 12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகைப் பதிவுகளையும் தணிக்கை அறிக்கையையும் நிர்வாகக் குழுவினர் பெயர்களையும் தேடி வருவார். 2021 ஏப்ரலில் இருந்து சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் கட்டாயம். இதெல்லாம் கண்ணில் படவில்லை என்றால் அவர் போன் பண்ணிக் கேட்கமாட்டார், அடுத்த நிறுவனத்தைப் பார்க்கப் போய்விடுவார்.

நன்கொடைப் பக்கம்தான் இருப்பதிலேயே வில்லங்கமானது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர் ரூபாயிலேயே 5,000 கொடுத்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பளத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அதில் சேராது. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருக்கிற நிறுவனமே, 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணத்தை டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். ஆகவே பணம் கட்டுகிற பட்டனுக்கு முன்னால் 'உங்கள் குடியுரிமை எது' என்ற கேள்வி வந்து, பதிலைப் பொறுத்து வழி பிரிய வேண்டும். சட்டம் ஆடிட்டருக்குத் தெரியும். ஆனால் வெப்சைட்டில் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவரிடம் போய்க் கேட்கிறவளுக்குத்தான் மறுபடியும் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்.

படங்கள் இன்னொரு தலைவலி. இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முகம், பெயர், படிக்கிற பள்ளி எல்லாம் போட்டுவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். செயலாளரிடம் "இந்தப் படத்தை எடுத்துருவோம் ஐயா" என்று சொல்கிற தைரியத்துக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொழிலில் கூலி.

இதைவிட ஒரு பெரிய கதவு இருக்கிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லுகிற ஸ்கிரீன் ரீடரில் பார்வையற்றவர்கள் கேட்டுப் பயன்படுத்தும்படி, காது கேளாதவர்கள் வீடியோவை வாசித்துப் புரிந்துகொள்ளும்படி தளம் அமைப்பது. இதற்கான உலக அளவுகோலின் பெயர் டபிள்யூ.சி.ஏ.ஜி.; 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும், மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே எல்லாம் இயங்க வேண்டும் என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதியை அணுகுவதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இனி பேங்க், இன்சூரன்ஸ், மென்பொருள் கம்பெனி எல்லாவற்றுக்கும் இது தெரிந்த ஆள் தேவை. நீங்கள் சொல்லுகிற ஜோஹோ மாதிரி இடத்துக்குப் போனாலும் இந்தப் படிப்பு வீணாகாது. பாளையங்கோட்டையிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு போய், தான் செய்த தளத்தை அங்கே பழகியவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் விளங்குவது எந்தச் சான்றிதழ் கோர்ஸிலும் விளங்காது. என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். வீட்டில் போட்டுப் பழகலாம்.

உரிமைகளுக்காகப் போராடுகிற அமைப்புகளின் வேலை என்றால் உங்களுக்கு இன்னொரு பயமும் வரும்: "போலீஸ் கேஸ்னு வந்துருமோ?" சட்டப்படி பதிவான அமைப்புக்குத் தளம் கட்டுவது குற்றம் ஆகாது. என்ன வெளியிடுவது என்பது அமைப்பின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் இறந்ததை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டாம். அப்படி ஒரு விஷயத்தைப் பதிவு செய்கிற தளத்தில் ஒரு தேதி தப்பினாலும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஆவணங்கள் தேடினால் கிடைக்கிற எழுத்தாக இருக்க வேண்டும். தளத்தை எவனாவது முடக்கினாலும் வேறு இடத்தில் பிரதி இருக்க வேண்டும்.

இனி பணம். சின்னச் சங்கங்கள் கொடுக்காது, அவர்களிடம் இல்லை. வெளிநாட்டு நிதி வாங்குகிறவர்களுக்கும் 2020-இல் நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20-ஆகக் குறைந்துவிட்டதால், வெப்சைட் என்றாலே கை சுருங்கும். மார்ச்சுக்குள் அடுத்த வருஷ பட்ஜெட் போட்டுவிடுவார்கள். ஜூனில் போய்க் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கட்டுவதற்கு ஒரு தொகை, வருஷப் பராமரிப்புக்குத் தனியாக ஏ.எம்.சி. என்று பிரித்து விலை சொல்லட்டும். நிலையான வருமானம் அந்த ஏ.எம்.சி.யில்தான். டொமைனும், தளத்தை வைத்திருக்கிற இடமான ஹோஸ்டிங்கும் நிறுவனத்தின் பேரிலேயே, அவர்கள் கணக்கிலேயே இருக்கட்டும். பிடி நம் கையில் இருக்கட்டும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள், கேட்க வேண்டாம். இலவசமாக ஒன்று செய்யலாம், பழகுவதற்கு. அதற்கும் முடிவுத் தேதி எழுதியிருக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ், பி.ஹெச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அவளே படித்துக்கொள்வாள், அதில் எனக்குக் கவலை இல்லை. தமிழில் சுருக்கமாக எழுதத் தெரியுமா என்று மட்டும் பாருங்கள். அறிக்கை முப்பது பக்கம் கொடுப்பார்கள். அதை அந்த பீடி சுற்றுகிற அக்காவுக்கு எட்டு வரியில் சொல்ல வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக வாருங்கள். ஏற்கெனவே அவள் செய்துகொடுத்த தளத்தின் டொமைன் யார் பேரில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பார்த்து எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ படிவத்தையும் கொண்டுவரட்டும். இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.