பிரித்துப் போட்ட பத்மினி: முடிப்பதா, விற்பதா?

கேள்வி: 1982 மாடல் பிரீமியர் பத்மினி கார் ஒன்றை வாங்கி, புதுசு போல ஆக்கலாம் என்று முழுதாகப் பிரித்துவிட்டேன். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இரண்டு மெக்கானிக் மாறியாச்சு, இரண்டு லட்சம் போயாச்சு. ஆர்.சி.யும் காலாவதி. ஒரு புரோக்கர், ‘40,000 கொடுங்கள், வின்டேஜ் பதிவு எடுத்துத் தருகிறேன். முடியாவிட்டால் வண்டியை எனக்கே கொடுத்துவிடுங்கள்’ என்கிறார். என்ன செய்வது? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் அந்தப் புரோக்கர். அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வின்டேஜ் பதிவு என்பது மிகப் பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு. அது 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2032-ல்தான். அதுவும் சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான். புதுப் பதிவுக்கு அரசுக் கட்டணமே 20,000 ரூபாய், நம்பரில் ‘வி.ஏ.’ என்று எழுத்து வரும். அப்படிப் பதிந்த வண்டியை தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முக்கொம்பு போக ஆசைப்பட்டு வாங்கிய வண்டிக்கு இந்தப் பதிவு எதற்கு? உங்களுக்கு வேண்டியது சாதாரணமாக ஐந்து வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிப்பதுதான்.

‘பேப்பர் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வருபவர்களில் சிலர் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ இரும்புக்குப் போன வண்டியின் ஆர்.சி.யை வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணை உங்கள் வண்டியின் பாடித் தகட்டில் குத்திவிடுவார்கள். ஆய்வில் அந்த எண் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து ‘பென்சில் பிரிண்ட்’ எடுக்கும்போது தெரிந்துவிடும். அப்புறம் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான்.

சரி, வேலை ஏன் நின்றது? பாதியில் விட்டு என் ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் இன்ஜினால் நின்றது குறைவு. பத்மினியின் 1089 சிசி இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிற கைகள் இன்னும் இருக்கின்றன. வேலை நின்றுபோவது தரைத் தகட்டில்தான்.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதிலும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. துரு முதலில் தின்பதும் அதைத்தான். முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். ஒரு வண்டியில் பின்கதவு சுண்டுவிரல் அகலம் கீழே இறங்கியிருந்தது. முன்பு பார்த்த டிங்கர் கீலைச் சுத்தியால் அடித்து வளைத்து, இடைவெளியில் பட்டி பூசி, மேலே பெயின்ட்டும் அடித்திருந்தார். துணி சுற்றிய காந்தத்தை வைத்தேன், ஒட்டவே இல்லை. ஒரு இடத்தில் பட்டி மட்டும் அரை அங்குலம். வண்டிக்காரர் பெயின்ட்டுக்குக் கொடுத்த பணம் முழுக்கப் போனது. அன்றோடு வண்டி மேல் அவருக்கு மனசு விட்டுப்போனது.

அதனால் பெயின்ட் கடைசியில். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புப் பட்டையை வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற டிங்கரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பாடியில் சேசிஸ் எண் குத்திய இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அந்தப் பகுதியை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

பிரித்த சாமான்களை இந்த வாரமே ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். கதவுக் கண்ணாடி ஏற்றும் சாமான், குரோம் பட்டை, ரப்பர் பீடிங், சின்ன ஸ்குரூ எல்லாம் தனித்தனி டப்பாவில், பெயர் எழுதி. பேரிங், பிஸ்டன் சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் தேடினால் கிடைக்கும். தொலைந்த குரோம் பட்டைக்கு இன்னொரு பத்மினியை உடைக்க வேண்டிவரும்.

பேப்பர் விஷயத்தில் எனக்கு வயிறு எரிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். உங்கள் வண்டியோ நாற்பது டப்பாவில் கிடக்கிறது. தாமதக் கட்டணம் மாதாமாதம் ஏறுகிறது. ரோட்டில் புகை கக்கிக்கொண்டு ஓடுகிறவனையும், கைக்காசைப் போட்டு ஷெட்டில் ஒரு வண்டியைக் காப்பாற்றுகிறவனையும் ஒரே தராசில் நிறுக்கிறார்கள். ‘கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்று எத்தனை கவுன்டரில் கேட்டாலும், ‘வண்டியைக் கொண்டு வாருங்கள்’ என்பதுதான் பதில். ஆகவே அழகு பார்ப்பதை நிறுத்துங்கள். தரைத் தகடு, பிரேக், இன்ஜின், விளக்கு. பிரைமர் பூசிய கோலத்திலேயே வண்டி ஓடட்டும். பிறகு ஆர்.சி. அதற்கு அப்புறம் நிறம், சீட் எல்லாம் நிதானமாகச் செய்யலாம்.

விற்காதீர்கள். பிரித்த வண்டிக்கு இரும்பு விலைதான் கிடைக்கும், புரோக்கர் காத்திருப்பதும் அதற்குத்தான். ஆர்.சி.யின் ஜெராக்ஸ் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.