மாதிரி நீதிமன்றம் நடத்தினால் அடிமைமுறைக் காலச் சட்டம் மாணவர்களுக்குப் புரியுமா?

புரியும், வழக்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். சட்டக் கல்லூரியில் எங்கள் ஆசிரியை எடுத்துக்கொண்டது 'சாங்' கப்பல் வழக்கு.

1781 கடைசியில் லிவர்பூல் வணிகர்களின் அடிமைக் கப்பல் ஒன்று ஜமைக்கா போகும்போது வழிதவறியது. தண்ணீர் போதாது என்று சொல்லி, சுமார் 130 ஆப்பிரிக்கர்களை மாலுமிகள் உயிரோடு கடலில் தள்ளினார்கள். கொலை வழக்கு என்று நினைத்துத்தான் நாங்கள் வகுப்புக்குப் போனோம். கையில் கிடைத்த தாளிலோ வாதி கப்பல் முதலாளி, பிரதிவாதி காப்பீட்டாளர், கோரிக்கை தலைக்கு 30 பவுண்டு.

"செத்தவங்க சார்பா யார் மேடம்?" என்று ஒருவன் கேட்டான். "அவங்க இந்த வழக்குல தரப்பே இல்லப்பா."

எனக்கு முதலாளி தரப்பு. அன்றைய காப்பீட்டு வழக்கப்படி, அடிமை நோயில் இறந்தால் நஷ்டம் முதலாளிக்கு. கப்பலையும் மீதிச் சரக்கையும் காப்பாற்ற வேறு வழியின்றிக் கடலில் வீசினால் காப்பீடு உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலே, ஏன் தள்ளினார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும். அதைத்தான் 'தவிர்க்க முடியாத அவசியம்' என்று நான் எழுந்து நின்று வாதாட வேண்டும். வாதாடினேன். சட்டப்படி நல்ல வாதம்தான், கேவலமே அதுதான்.

எதிர்த்தரப்புத் தோழி முதலில் மனிதத்தன்மை பற்றி உருக்கமாகப் பேசினாள். நீதிபதியாக இருந்த சீனியர் தலையாட்டினாரே தவிர எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அப்புறம் அவள் மழையைப் பிடித்தாள். மழை பெய்த பிறகும் ஆட்களைத் தள்ளியதாகச் சாட்சியம் இருக்கிறது. ஜமைக்கா சேர்ந்தபோது கப்பலில் 420 கேலன் தண்ணீர் மிச்சம். பிறகென்ன அவசியம்? சீனியர் பேனாவை எடுத்தார்.

நிஜத்திலும் ஏறக்குறைய இதே கதை. 1783 மார்ச்சில் லண்டன் ஜூரி முதலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மே மாதம் தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டதில் அந்த மழைக்குப் பெரிய பங்கு. குதிரைகளைக் கடலில் எறிந்தது போலத்தான் ஜூரி இதைப் பார்த்தது என்று சொன்னவரும் அவரே. மறுவிசாரணை நடந்ததற்கு ஆவணம் இல்லை. முன்னாள் அடிமையான எக்கியானோ சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட அடிமைமுறை எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப், கொலை வழக்குப் போடவைக்க எவ்வளவோ முயன்றார். கடைசிவரை யார் மீதும் வழக்கு இல்லை.

நீங்கள் நடத்துவதாக இருந்தால், எங்கள் ஆசிரியையின் இரண்டு கறாரான விதிகளைக் கடைப்பிடியுங்கள்: அடிமையாக யாரையும் நடிக்க வைக்காதீர்கள், 1783-க்குப் பிந்தைய சட்டம் எதையும் மேற்கோள் காட்ட விடாதீர்கள். முதலாளி தரப்பை வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவரிடம் கொடுங்கள். சுமாராகப் பேசுகிறவர் கையில் போனால், நல்லவர்கள் சுலபமாக ஜெயித்துவிடுவார்கள்.