ரவிக்கை வெட்டிய மிச்சத் துணியில் பொம்மைப் போர்வை தைத்துக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவரின் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டது. அதில் பொம்மைகளுக்குச் சின்ன ஒட்டுப் போர்வைகள் தைத்து அருகில் உள்ள இல்லத்துக்குக் கொடுத்தால் பயன்படுமா, எப்படித் தைப்பது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே இல்லத்துக்குப் போய் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பிள்ளைகள், அவர்களிடம் பொம்மை இருக்கிறதா? முப்பது பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு இருபது போர்வை கொண்டுபோனால், நீங்கள் கிளம்பிய பிறகு நடக்கும் சண்டையை அங்கிருக்கும் அக்காமார்தான் தீர்த்துவைக்க வேண்டும். பொம்மை இல்லாத பிள்ளைக்கோ அந்தப் போர்வை மூக்குத் துடைக்கத்தான் ஆகும். அதனால் ஒவ்வொரு போர்வையோடும் ஒரு துணிப் பொம்மையையும் தைத்துவிடுவது என் வழக்கம். "எங்களுக்கு இப்போது உள்ளாடைதான் தேவை" என்று அவர்கள் சொன்னால் அதை வாங்கிக் கொடுங்கள். போர்வை அப்புறம்.

இனி தையலுக்கு வருவோம். காணொளிகளில் பெரும்பாலும் காட்டுவது சதுரம் சதுரமாக வெட்டி இணைக்கும் முறை. ரவிக்கைத் துணியில் மிஞ்சுவதோ கைக்குழி வளைவும் கழுத்து வளைவும் கூரான முக்கோணங்களும்தான். அதில் நான்கு அங்குலச் சதுரம் தேடினால் மூட்டையில் பெரும்பகுதி மறுபடியும் குப்பைக்கே போகும். இதற்குக் கர்நாடகத்தில் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வைதான் சரியான வழி. உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அவர்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே துண்டுகளை வைத்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். துண்டு எந்த வடிவில் இருந்தாலும் விளிம்பை உள்ளே மடித்து, பக்கத்துத் துண்டின் மேல் சற்று ஏறும்படி வைத்தால் போதும். ஊசி மேலும் கீழுமாகப் போகும் சாதாரண ஓட்டுத் தையல்தான். அந்த ஒரே தையல் துண்டையும் பிடித்துக்கொள்கிறது, அடியில் உள்ள அடுக்கையும் சேர்த்துவிடுகிறது. மிஷின் வேண்டாம், அளவுகோல்கூட வேண்டாம். கோணல் மாணலாக வந்தால்தான் அழகு என்பது என் கட்சி.

ஓரடி உயரப் பொம்மைக்கு ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி நீளம் தாராளம். உள்ளே வைக்க இலவம்பஞ்சு வேண்டாம். துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். நைந்த பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து வைத்தாலே மெத்தென்று இருக்கும். வங்காளத்துக் காந்தா என்ற போர்வையும் பஞ்சில்லாமல் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதுதான்.

துணியில் மட்டும் கறாராக இருங்கள். பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜரிகை குழந்தையின் கன்னத்தில் உரசும். பாலியெஸ்டர் மடித்த மடிப்பில் நிற்காது. லைனிங் துணியைத் தைப்பதற்கு முன் நனைத்து உலர்த்துவது அம்மாவுக்குப் பழகிய வேலை. எல்லாத் துண்டுகளையும் அப்படியே செய்யுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே ஒன்று சுருங்கி மற்றொன்றை இழுக்கும். சிவப்பையும் மெரூனையும் தனியாக, சாயம் நிற்கும்வரை அலசுங்கள். தையல் கடைத் துணியில் குண்டூசி ஒளிந்திருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையைப் பிரித்ததும் ஒரு முறை, தைத்து முடித்ததும் ஒரு முறை காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள்.

பொத்தான், மணி, சமிக்கி எதுவும் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். பொம்மையின் கண்ணையும் நூலாலேயே தைத்துவிடுங்கள். கைக்குழந்தைகள் உள்ள இல்லமாக இருந்தால், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொட்டிலில் இதைப் போட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். தளர்ந்த துணி முகத்தை மூடினால் மூச்சுத் திணறும்.

கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ ஊடகங்களில் வெளியிட இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பரிசு வாங்கும் கையோடு ஒரு பிள்ளையைக் கேமராவுக்கு முன் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

யாருக்கு எது என்று நீங்களே பிரித்துக் கொடுக்க வேண்டாம். பாயில் பரப்பி வைத்துவிட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ரோஜா நிறம்தான் முதலில் தீரும். ஆகையால் அந்த நிறத்துத் துண்டு கிடைத்தால் மொத்தமாக ஒரே போர்வையில் போட்டுவிடாமல், எல்லாவற்றிலும் ஒரு விரல் அகலமாவது வரும்படி பிரித்துத் தையுங்கள்.