வாசகர் கேள்வி பதில்: ‘எல்லாம் நார்மல்’ என்கிறார்கள், என் மனைவிக்கோ முடியவில்லை

கேள்வி: நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதைக் கண்டுபிடித்து, தினமும் லெவோதைராக்சின் மாத்திரை எடுக்கச் சொன்னார்கள். விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால், பால் கலந்த தேநீருடன் அந்த மாத்திரையையும், இரத்தச் சோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவிட்டு ஓடுவார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அரசாங்கக் கிளினிக்கிற்குப் போனால், ஒவ்வொரு முறையும் புதிய டாக்டர். ஒருவர் அளவைக் கூட்டுகிறார், அடுத்தவர் குறைக்கிறார். கடைசியாகப் பார்த்தவர், தைராய்டு இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ‘டி.எஸ்.எச். நார்மல், எல்லாம் சரி’ என்று அனுப்பிவிட்டார். ஆனால் இவருக்கு முடி கொட்டுகிறது, உடல் வீங்கினாற்போல் இருக்கிறது, வேலை முடிந்து வந்தால் படுத்துவிடுகிறார். பொறுக்க முடியாமல் நான் அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். நேரடி விற்பனை செய்யும் ஒருவர், கடற்பாசி மாத்திரை சாப்பிட்டால் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார். நிறுத்தலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரம், பேராக்

பதில்: நிறுத்தக் கூடாது. அவருடைய சுரப்பி செய்யாத வேலையை அந்த மாத்திரைதான் செய்துகொண்டிருக்கிறது. கடற்பாசியில் அயோடின் மிகுதி. தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் என்பதால், அளவுக்கு மீறிய அயோடின் நிலைமையை மேலும் கெடுக்கக்கூடும். அந்தப் பொருளின் பெட்டியில் சுகாதார அமைச்சின் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருந்தாலும்கூட, அது லெவோதைராக்சினுக்கு மாற்றாகிவிடாது.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்ட ஒரு செய்திதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் எடுத்து, பசியாற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். பாலும் தேநீரும் குடலில் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியவை. இரும்புச்சத்து மாத்திரையோ அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது. இவ்விரண்டு மாத்திரைகளுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி தேவை. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான். உங்கள் மனைவி இவை எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, ‘எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?’ என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அளவு ஏறி இறங்கியதற்கும் இது காரணமாக இருக்கலாம். டி.எஸ்.எச். என்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை செய்யச் சொல்லி அனுப்பும் தூது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அந்த எண் ஏறும், மிகுந்தால் இறங்கும். பல பரிசோதனைக்கூடங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை சரியான அளவாகக் கொள்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட மாதங்களில் மருந்து சரியாகச் சேராமல் எண் ஏறியிருக்கும், டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். அந்த மாத்திரை தீர்ந்துபோன மாதங்களில் மருந்து கூடுதலாகச் சேர்ந்து எண் இறங்கியிருக்கும், அடுத்த டாக்டர் குறைத்திருப்பார். இருவரும் எண்ணைப் பார்த்தார்கள், எதிரே உட்கார்ந்திருந்தவரின் விடியற்காலையை யாரும் பார்க்கவில்லை. முடி கொட்டுவதற்காக அவர் பயோட்டின் கலந்த வைட்டமின் எடுத்துக்கொண்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில பரிசோதனைக் கருவிகளில் அது டி.எஸ்.எச். எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்னதாக அதை நிறுத்த வேண்டும்.

விடியலில் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதவருக்கு வேறு வழி உண்டு. இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம்; நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில் இரவில் எடுத்தவர்களின் அளவுகள் காலையில் எடுத்தவர்களைவிட நன்றாகவே இருந்தன. இரும்புச்சத்து மாத்திரையை மதியத்திற்கு மாற்றிவிடலாம். கிளினிக்கின் மருந்தாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு இந்த மாற்றத்தைச் செய்யுங்கள். ஏனென்றால், இதுவரை பாதி வீணாகிக்கொண்டிருந்த மருந்து இனி முழுதாகச் சேரும்போது, இப்போதைய அளவே கூடுதலாகிப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரக்கூடும். லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், மாற்றத்தின் பலன் இரத்தத்தில் முழுமையாகத் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அப்போது மறுபடி பரிசோதிக்க வேண்டும். அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து என்றால், முன்னதாக வேண்டும் என்று காரணத்தோடு கேளுங்கள்.

இதற்குப் பிறகும் சோர்வு தீராமல் போகலாம். டி.எஸ்.எச். சரியாக இருந்தும் உடல் தேறாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது கற்பனையல்ல. ‘எல்லாம் சரி’ என்ற வார்த்தை அந்த ஓர் எண்ணுக்குத்தான் பொருந்தும், உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. இரத்தச் சோகை ஏன் வந்தது, மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போகிறதா, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எவ்வளவு, வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா, இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா, குறட்டையால் தூக்கம் கெடுகிறதா, மனம் தளர்ந்திருக்கிறாரா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். டாக்டரின் அறையில் நீங்கள் பேசாதீர்கள், உங்கள் மனைவி பேசட்டும். மலாய் தடுமாறினால் நீங்கள் மொழிபெயர்க்கலாம், ஆனால் சொல்வது அவர் வாயிலிருந்து வரட்டும். நீங்கள் சத்தம் போட்ட அன்று அந்த டாக்டர் கேட்டது உங்கள் கோபத்தைத்தான்; உங்கள் மனைவிக்கு மலச்சிக்கலோ மூட்டு வலியோ மாதவிலக்குத் தொல்லையோ இருந்தால், அவை அங்கே சொல்லப்படாமலே போயிருக்கும். பெண்கள் பலர் கணவர் முன்னிலையில் இவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பரிசோதனையின் தேதி, எண், மாத்திரையின் மைக்ரோகிராம் அளவு, அதை எடுக்கும் நேரம், உடன் எடுக்கும் மற்ற மருந்துகள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். டாக்டர்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள், அதை உங்களால் நிறுத்த முடியாது. புதிதாக வருபவர் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

சரியான முறையில் எடுத்தும் அளவு நிலைக்காவிட்டாலோ, கழுத்து வீங்கி விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, அரசாங்க மருத்துவமனையின் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். உங்கள் மனைவி கர்ப்பமானால் காத்திருக்கவே கூடாது, தெரிந்த உடனே கிளினிக்கிற்குப் போக வேண்டும். அப்போது மருந்தின் தேவை விரைவில் கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சி அதைச் சார்ந்திருக்கிறது. கடிதத்தோடு போகும் குடிமக்களுக்கு அரசாங்க நிபுணரின் முதல் ஆலோசனைக்குப் பெரும் செலவில்லை. கடிதம் தர மறுத்தால் சுகாதார அமைச்சின் ‘சிஸ்பா’ புகார் முறை இருக்கிறது. தேதியும் நடந்ததும் மட்டும் எழுதுங்கள், நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து அதனுடன் இணையுங்கள்.