வெட்டிக்கொள்ளலாம் என்கிற கண்ணாடி

கேள்வி: அளவுகருவி ஒன்றின் முகப்புக்கு 2 மில்லிமீட்டர் கண்ணாடி தேவை. ‘உப்புக் குளியலில் வலுவூட்டியது, வாங்கிய பிறகு வேண்டிய அளவில் வெட்டித் துளையிட்டுக்கொள்ளலாம்’ என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: ‘வெட்டிக்கொள்ளலாம்’ என்ற இடத்திலேயே பேரத்தை முறித்துவிடுங்கள்.

இவ்வளவு மெல்லிய கண்ணாடியைச் சூடாக்கிக் காற்றடித்து வலுவூட்டுவது கடினம். ஆகவே உப்பு முறையைத் தேடியது சரிதான். உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில், ஏறக்குறைய 400 டிகிரி செல்சியசில், கண்ணாடியைப் பல மணி நேரம் அமிழ்த்தி வைப்பார்கள். மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பருத்த பொட்டாசியம் அயனிகள் அதே இடங்களில் புகுந்துகொள்ளும். அந்த நெரிசல்தான் வலிமை. கீறல் வாய் பிளக்கப் பார்த்தால் அது இறுக்கி மூடும். ஆனால் நெரிசலுள்ள இந்த மேலடுக்கு, அதாவது கண்ணாடியின் தோல், மிக மெல்லியது. சாதாரணச் சன்னல் கண்ணாடியில் பெரும்பாலும் 10, 20 மைக்ரோமீட்டர்தான். அலுமினியம் கலந்த தனிவகைக் கண்ணாடியில் கூடுதலாகக் கிடைக்கும். வெட்டினால் புது விளிம்பில் இந்தத் தோல் இராது. கண்ணாடி உடையத் தொடங்குவதோ பெரும்பாலும் விளிம்பில்தான்.

‘வெட்டவே முடியாதா?’ என்று விடாமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முடியும். தோல் மெல்லியதாக இருந்தால் கண்ணாடி வெட்டுக்கு இணங்கும். ஆலைகளில் லேசரிலும் வெட்டுகிறார்கள். வெட்டிய விளிம்பு முழுவதும் ரப்பர் பட்டையோடு சட்டத்துக்குள் அடங்கி, விழுகிற அடி நடுப்பகுதியில் மட்டும் படுமானால் அது தாக்குப்பிடிக்கவும் கூடும். சரி, உங்கள் முகப்பில் துளை போட வேண்டுமே! துளையைச் சுற்றி எந்தச் சட்டம் காக்கும்? வெட்டுவதும் துளையிடுவதும் விளிம்பைத் தீட்டுவதும் உப்பில் இறக்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

இன்னொரு தந்திரம்: போலரைஸ்டு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும்) குளிர்கண்ணாடி வழியாகக் காட்டி, ‘புள்ளிகள் தெரிகின்றன பாருங்கள், வலுவூட்டியதற்குச் சாட்சி’ என்பார்கள். அந்தப் புள்ளிகள் காற்றடித்து வலுவூட்டியதன் அடையாளம். உப்பு முறையில் அவை தோன்றுவதில்லை.

சான்றிதழிலோ ‘வலுவூட்டப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு முத்திரையும் இருக்கும். உப்பு முறைக் கண்ணாடிக்கான ஏஎஸ்டிஎம் சி1422 என்ற பன்னாட்டுத் தரநிலையோ மேற்பரப்பு அழுத்தம், தோலின் ஆழம் என்ற இரண்டையும் கொண்டு தரம் பிரிக்கிறது. இரண்டு எண்களை எழுதிக் கொடுக்க இவர்களுக்கு என்ன கை வலிக்கிறதோ! இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்; ஒன்றை மட்டும் தந்தால் ஏற்காதீர்கள்.

உடைந்தால் இது பொடிப்பொடியாக உதிராது. சாதாரணக் கண்ணாடி போலவே கூரிய சில்லுகளாகும். முகப்புக்கு அருகில் ஆட்கள் நிற்பார்களென்றால், இடையில் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள்.