ஆஸ்திரேலியக் கடற்கரையில் உச்சியில் பழுப்பு உருண்டையோடு நிற்கும் கோரை எது? வீட்டில் வளர்க்கலாமா?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஃபிசினியா நொடோசா. அங்கே ‘நாபி கிளப் ரஷ்’ என்பார்கள். நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட இது மண்ணின் செடிதான்.

கிட்டப் போய்ப் பாருங்கள். இலை என்று சொல்ல அடியில் வெறும் உறைதான். பச்சைத் தண்டு விறைப்பாக முழங்கால், இடுப்பு உயரம் நிற்கும். உருண்டை பூங்கொத்து, அதற்கு மேலே கூராக நீள்வது தண்டு அல்ல, பூவடிச் செதில், அதாவது பூங்கொத்தின் அடியிலிருந்து வளரும் இலை போன்ற உறுப்பு. அதனால்தான் பூ பக்கவாட்டில் முளைத்தது போலத் தெரிகிறது.

உப்புக்காற்று, வறட்சி, சில நாள் தேங்கும் தண்ணீர், எல்லாம் தாங்கும். மணலுக்கடியில் கிழங்குத்தண்டு படர்ந்து மணல்மேட்டைப் பிடித்துக்கொள்ளும். மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் மழைநீர்த் தோட்டங்களிலும் நடுகிறார்கள். காற்றில் மகரந்தம் பரவுவதால் தேனீக்காக நட வேண்டாம். அடர்ந்த தூருக்குள் அரணைகள் பதுங்கும், அதுதான் லாபம்.

விதையிலிருந்தும் வரும். ஆனால் அவசரமென்றால், குளிர்ந்த ஈரமான பருவத்தில் தூரைத் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் வேரும் சில தண்டுகளும் இருக்கும்படி பிரித்து, தண்டைப் பாதியாக வெட்டி நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட்டால் போதும். அப்புறம், கடற்கரையிலிருந்து பிடுங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் நாட்டுச்செடி நர்சரிகளில் தாராளமாகக் கிடைக்கிறது.